ஓகே: வேண்டுமென்றே செய்த ஓர் எழுத்துப்பிழை

கேள்வி: மேல்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் நடத்துகிறேன். ‘ஓகே’ என்பதன் முழு வடிவம் என்ன என்று பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் கேட்டார்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் ஒரு செய்தி, போரில் யாரும் சாகாத நாளில் ‘ஜீரோ கில்டு’ என்று பலகையில் எழுதிவைத்தார்கள், அதன் சுருக்கம்தான் ஓகே என்கிறது. இன்னொரு செய்தி அதைக் கிரேக்கச் சொல் என்கிறது. ஆண்ட்ரூ ஜாக்சன் என்ற அமெரிக்க அதிபருக்குச் சரியாக எழுதத் தெரியாததால் வந்தது என்று என் தோழி சொல்கிறாள். எதை நம்புவது? கூடவே இன்னொரு சந்தேகம். தலைமையாசிரியர் குழுவில் போடும் செய்திக்கு வெறும் ‘ஓகே’ என்று பதில் போட்டால் மரியாதைக் குறைவு என்கிறார்கள் சக ஆசிரியர்கள். அப்படியா? தமிழில் எழுதும்போது ஓகேயா, ஓக்கேயா, ஓ.கே.யா?

பதில்: பிள்ளைகளிடம் தயங்காமல் சொல்லுங்கள். ஓகே என்பது ‘ஆல் கரெக்ட்’ என்ற இரண்டு சொற்களின் சுருக்கம். எல்லாம் சரி என்று பொருள். சொன்ன மறுநொடியே கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்து, “அப்படின்னா ஏ.சி.ன்னுதானே மிஸ் வரணும்?” என்பான். கேட்கட்டும், விடையே அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது. ஆல் என்பதை ஓ-வில் தொடங்கியும், கரெக்ட் என்பதை கே-யில் தொடங்கியும் காதில் விழுகிறபடி தப்பும் தவறுமாக எழுதி, அந்தத் தப்பான எழுத்துகளையே சுருக்கமாக்கினார்கள். தெரியாமல் செய்த பிழை இல்லை, வேடிக்கைக்குச் செய்தது. ‘எல்லாம் சரி’ என்று சொல்லும் சுருக்கத்தில் ஓர் எழுத்துகூடச் சரியில்லை என்பதுதான் அதிலுள்ள நக்கல்.

வகுப்பில் விளக்க நம் பக்கத்திலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. ழகரம் வராதவர்களைக் கிண்டல் செய்ய ‘வால்க டமில்’ என்று எழுதுவார்கள் அல்லவா? அதை ஒருவர் ‘வா.ட.’ என்று சுருக்கிப் போட்டு, ஊரெல்லாம் பரவி, நூறு வருடம் கழித்து அதன் மூலம் எல்லாருக்கும் மறந்துபோய், ‘வாட’ என்பது வாடைக்காற்றிலிருந்து பிறந்த சொல் என்று ஒருவர் கட்டுரை எழுதினால் எப்படி இருக்கும்? ஓகே விஷயத்தில் ஏறக்குறைய அதுதான் நடந்தது.

1838, 1839 வாக்கில் பாஸ்டன் நகரத்துப் பத்திரிகைக்காரர்களுக்கு முதலெழுத்துச் சுருக்கங்கள்மேல் ஒரு பித்து பிடித்திருந்தது. இன்றைய பிள்ளைகள் போனில் எல்.ஓ.எல். தட்டுவதைப் போல அவர்கள் அச்சில் தட்டினார்கள். ‘நோ கோ’, அதாவது நடக்காது என்பதற்கு என்.ஜி.; அற்ப விஷயம் என்று பொருள்படும் ‘ஸ்மால் பொட்டேட்டோஸ்’ என்பதற்கு எஸ்.பி.; கடன்காரனுக்குப் பயந்தோ வேறெதற்கோ டெக்சாஸ் பக்கம் ஓடிப்போனவனுக்கு ஜி.டி. கொஞ்ச நாளில் இதுவும் சலித்துப்போக, அடுத்த படியாகச் சொல்லைத் தப்பாக எழுதிவிட்டுச் சுருக்கத் தொடங்கினார்கள். ‘ஆல் ரைட்’ என்பது ஓ.டபிள்யூ. ஆனது. பயனில்லை என்னும் ‘நோ யூஸ்’ கே.ஒய். ஆனது. ஓகே இந்தக் கூட்டத்தில் ஒரு பிள்ளை. மற்றவை செத்துப்போயின, இது மட்டும் பிழைத்துக்கொண்டது.

அதன் பிறந்த தேதியைச் சொல்ல முடிகிறது என்பதுதான் அபூர்வம். 1839 மார்ச் 23-ஆம் தேதி ‘பாஸ்டன் மார்னிங் போஸ்ட்’ இதழின் இரண்டாம் பக்கத்தில் ஒரு சிறு குறிப்பு. ஆசிரியர் சார்லஸ் கார்டன் கிரீன். அந்த ஊரில் மணியடிப்பு எதிர்ப்புச் சங்கம் என்று கேலிப் பெயர் கொண்ட ஒரு கூட்டம் இருந்தது. அதையும் நான்கு எழுத்தில் சுருக்கித்தான் போடுவார்கள். சங்கத்தின் குழுவொன்று நியூயார்க் போவதைப் பற்றி பிராவிடன்ஸ் நகர இதழ் ஏதோ எழுதியிருக்க, அதற்குக் கிரீன் பதிலடி கொடுக்கிறார். குழுவிலுள்ள ஒருவர் பிராவிடன்ஸ் வழியாகத் திரும்பினால், அந்த ஊர்ப் பத்திரிகைக்காரர் உண்டியலும் இன்ன பிறவும் ‘ஓ.கே. — ஆல் கரெக்ட் —’ என்று தயாராக வைத்திருந்து, தக்கைகளைத் தீப்பொறி போல மேலே பறக்க விடுவாராம். தக்கை என்றால் பாட்டில் மூடி. ‘எங்கள் ஆளுக்கு விருந்து வையுங்கள்’ என்பதைச் சுற்றி வளைத்துச் சொல்கிறார்.

இதில் கவனிக்க வேண்டியது, சுருக்கத்தின் பக்கத்திலேயே அதன் விரிவு அச்சாகியிருப்பது. எல்லாருக்கும் தெரிந்த சொல்லுக்கு யாரும் விளக்கம் போடுவதில்லை. விளக்கத்தோடு வருகிறது என்றால் புதுச்சொல், அதுவும் அதைப் பயன்படுத்தியவரே கைப்பட எழுதிய விளக்கம். அந்த ஆண்டு முடிவதற்குள் நியூயார்க், ஃபிலடெல்ஃபியா பத்திரிகைகளிலும் தலைகாட்டிவிட்டது. இவற்றையெல்லாம் பழைய இதழ்களிலிருந்து தோண்டி எடுத்தவர் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆலன் வாக்கர் ரீட். 1941-இல் எழுதிய கட்டுரையில் அவரால் 1840 தேர்தல் வரைக்கும்தான் பின்னோக்கிப் போக முடிந்தது. விடாமல் தேடி 1963, 1964 ஆண்டுகளில் ‘அமெரிக்கன் ஸ்பீச்’ என்ற ஆய்விதழில் தொடர்கட்டுரைகளாக 1839 ஆதாரத்தை வெளியிட்டார். இன்றைய பெரிய அகராதிகள் அதைத்தான் பின்பற்றுகின்றன.

இனி உங்களுக்கு வந்த செய்திகளுக்கு வருவோம். ஒரு சொல்லின் மூலக்கதையைச் சோதிக்கப் பெரிய படிப்பு தேவையில்லை. முதலில் தேதியைப் பாருங்கள். அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்தது 1861 முதல் 1865 வரை. ஓகே அச்சேறி 22 வருடம் கழித்துத்தான் அந்தப் போரே தொடங்குகிறது. ‘ஜீரோ கில்டு’ பலகை அங்கேயே விழுந்துவிடுகிறது. அதே போரில் சிப்பாய்களுக்குக் கொடுத்த பிஸ்கட்டில் கம்பெனி முதலாளியின் பெயரெழுத்து பொறித்திருந்தது என்ற கதையும் கூடவே விழுகிறது. பேரனுடைய பிறந்தநாளில் தாத்தா பிறக்க முடியாது.

தேதியில் தப்பிய கதையை அடுத்துப் பாலத்தில் நிறுத்துங்கள்: அந்த மொழியிலிருந்து பாஸ்டன் அச்சகம் வரை சொல் எப்படி வந்து சேர்ந்தது என்பதற்கு எழுத்தில் ஏதாவது தடம் உண்டா? கிரேக்கத்தில் ‘ஓலா கலா’ என்றால் எல்லாம் நலம். பொருளும் பொருந்துகிறது, முதலெழுத்தும் பொருந்துகிறது. ஆனால் 1839-க்கு முன் ஆங்கிலத்தில் அது அப்படி வழங்கியதற்கு ஒரு வரிகூட இல்லை. ஒலி ஒத்துப்போவதை வைத்து முடிவுகட்டினால் யாழ்ப்பாணத்தார் ஆம் என்பதற்குச் சொல்லும் ‘ஓம்’ கூடத்தான் ஓகேவுக்குத் தாய் என்று நாமும் கிளம்பிவிடலாம். ஸ்காட்லாந்துக்காரர்களின் ‘ஓக் ஐ’, ஃபின்லாந்துக்காரர்களின் ‘ஓய்கியா’ என்று வரிசையில் ஏற்கெனவே நிறையப் பேர் நிற்கிறார்கள்.

இரண்டு கதைகளை மட்டும் அப்படித் தள்ளிவிட மனம் வராது. சோக்டாவ் என்ற அமெரிக்கப் பழங்குடி மொழியில் ‘ஓகே’ என்று ஒலிக்கும் சொல்லுறுப்பு ஒன்று வாக்கியத்தின் முடிவில் வந்து ‘அப்படித்தான்’ என்று அழுத்தும். 1913 முதல் 1921 வரை அதிபராக இருந்த உட்ரோ வில்சன் இதை நம்பி, ஒப்புதல் தரும் கோப்புகளில் சோக்டாவ் எழுத்துக்கூட்டலிலேயே எழுதினார். ரீட் எழுதும்வரை பல அகராதிகளும் இதையே சொல்லிக்கொண்டிருந்தன. இன்னொன்று மேற்கு ஆப்பிரிக்க வோலோஃப் மொழியின் ‘வாவ் கே’. ‘ஆமாம், நிச்சயமாக’ என்பது போன்ற பொருள். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களோடு வந்திருக்கலாம் என்பது வாதம். அந்த மக்களின் பேச்சை யாரும் ஒழுங்காக எழுதிவைக்கவில்லை என்பதால், சான்று இல்லாததையே முழு மறுப்பாக எடுத்துக்கொள்வது நியாயமாகப் படவில்லை. ஆனாலும் பாலம் கிடைக்காத வரையில் பாடத்தில் சொல்ல வேண்டியது 1839-தான்.

பழைய கையெழுத்துப் படிகளில் ஓகே இருக்கிறது என்று வரும் செய்திகளிடம் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். டென்னசி மாநிலத்து 1790-ஆம் ஆண்டு நீதிமன்றப் பதிவு ஒன்றில் ஆண்ட்ரூ ஜாக்சன் தொடர்பான வரியில் ஓ.கே. இருப்பதாகப் பலகாலம் எழுதிவந்தார்கள். மூலத்தை எடுத்துப் பார்த்தால் அது ஓ.ஆர்.; ‘பதிவு செய்ய உத்தரவு’ என்பதன் சுருக்கம். சாய்வாக எழுதிய ஆங்கிலப் பெரிய ஆர், கே போலத் தெரிவது புதிதல்ல, விடைத்தாள் திருத்தும் உங்களுக்கே தெரியும்.

உங்கள் தோழி சொன்ன ஜாக்சன் கதைக்கு வேறொரு வேர் இருக்கிறது. அதைப் பார்த்தால் ஓகே ஏன் பிழைத்தது என்பதும் புரிந்துவிடும். 1840-இல் அதிபர் மார்ட்டின் வான் பியூரன் மறுபடியும் தேர்தலில் நின்றார். அவர் பிறந்த ஊர் நியூயார்க் மாநிலத்து கிண்டர்ஹுக். டச்சுக்காரர்கள் வைத்த பெயர், ‘குழந்தைகள் மூலை’ என்று பொருள். ஆதரவாளர்கள் அவரை ‘ஓல்ட் கிண்டர்ஹுக்’ என்று அழைக்க, முதலெழுத்து ஓ.கே. ஆயிற்று. நியூயார்க் நகரில் ஓ.கே. கிளப் தொடங்கினார்கள். ஏற்கெனவே ஊரில் உலவிய சுருக்கம், தலைவரின் பெயரும் அதிலேயே பொருந்துகிறது. ‘எல்லாம் சரி’ என்றும் படிக்கலாம், ‘எங்கள் பெரியவர்’ என்றும் படிக்கலாம். சுவரெழுத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? எதிர்க்கட்சியான விக் கட்சியினர் சும்மா இருப்பார்களா? கே-யில் எழுதிய காசும் கிரெடிட்டும் தீர்ந்தவர்கள் என்று அதே எழுத்துகளுக்குப் புது விரிவு கொடுத்தார்கள். வான் பியூரனுக்கு முந்தைய அதிபரும் அவருடைய குருவுமான ஜாக்சன், எழுத்துக்கூட்டத் தெரியாமல் கோப்புகளில் ஓ.கே. என்று எழுதினார் என்ற கதையைக் கட்டிவிட்டதும் அந்தத் தேர்தல் சமயத்தில்தான். தேர்தல் வதந்தி 180 வருடம் கடந்தும் உங்கள் ஓய்வறை வரை வந்திருக்கிறது. வான் பியூரன் என்னவோ 60-க்கு 234 என்ற தேர்வாளர் வாக்கில் விக் கட்சி வேட்பாளர் ஹாரிசனிடம் தோற்றுப்போனார். எழுத்து இரண்டும் ஜெயித்தன.

பிறகு தந்தி வந்தது. மோர்ஸின் வாஷிங்டன் – பால்டிமோர் கம்பி 1844-இல் பேசத் தொடங்கியது. செய்தி வந்து சேர்ந்தது, பிழையில்லை என்று மறுமுனைக்குச் சொல்லக் குறைந்த தட்டலில் ஒரு சொல் தேவைப்பட்டது. அமெரிக்க மோர்ஸ் முறையில் ஓ-வுக்கு ஒரு புள்ளி, சின்ன இடைவெளி, இன்னொரு புள்ளி. கே-வுக்கு கோடு, புள்ளி, கோடு. மொத்தம் ஐந்து தட்டு. கிண்டலாகப் பிறந்த சொல் தந்தி ஆபீசிலும் ரயில்வேயிலும் வேலைக்குச் சேர்ந்த பிறகு அதன் பழைய கதை யாருக்கும் தேவைப்படவில்லை.

அங்கே அது சொன்ன பொருளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: ‘வந்தது, பிழையில்லை.’ ஓகேவின் நடுப்பொருள் இன்றும் அதுதான். பிடித்திருக்கிறது என்றோ, முழுமனதாக இசைகிறேன் என்றோ அந்தச் சொல் தானாகச் சொல்வதில்லை. தமிழில் அது ஏன் இவ்வளவு ஊன்றிக்கொண்டது என்பதற்கும் இதில் ஒரு பதில் இருக்கிறது. ‘படம் சரியில்லை’ என்போம். அதற்கு எதிராக ‘படம் சரி’ என்று சொல்லிப் பாருங்கள், நாக்கு மறுக்கும். சரி என்பது சரிபாதி, சரிசமம் போல அளவு ஒத்துப்போவதைச் சொல்லும் சொல். இல்லாவிட்டால் பேச்சுக்குத் தலையாட்டும் சொல். நன்றாகவும் இல்லை, மோசமும் இல்லை என்ற நடுத்தட்டை நிரப்ப அது வராது. ‘படம் ஓகே’ அந்தக் காலி நாற்காலியில் வந்து உட்கார்ந்தது. இரட்டித்து ‘ஓகே ஓகே’ என்றால் இன்னும் அரை மதிப்பெண் குறைவு. பண்ணு, ஆகு சேர்த்து வினையுமாக்கிவிட்டோம்: லோன் ஓகே ஆயிடுச்சு, டிசைனை ஓகே பண்ணிட்டாங்க.

இந்த இரட்டைப் பொருளால், அதாவது ‘கேட்டேன்’ என்பதா ‘சம்மதம்’ என்பதா என்ற குழப்பத்தால், ஆபத்தும் உண்டு. 1977 மார்ச் 27-ஆம் தேதி, ஸ்பெயினுக்குச் சொந்தமான டெனெரிஃப் தீவின் லாஸ் ரோடியோஸ் விமான நிலையத்தில் அடர்ந்த மூடுபனி. ஓடுபாதையில் ஒரு கேஎல்எம் விமானம், அதே பாதையில் எதிரே இன்னும் விலகாத பான் ஆம் விமானம். கேஎல்எம் விமானி ‘நாங்கள் இப்போது டேக்-ஆஃபில்’ என்று சொல்ல, கட்டுப்பாட்டுக் கோபுரம் ‘ஓகே’ என்றது. சற்று நிறுத்தி, ‘காத்திருங்கள், நான் அழைக்கிறேன்’ என்றது. அதே நொடியில் பான் ஆம் விமானமும் வானொலியில் பேசியதால் இரண்டு பேச்சும் ஒன்றோடொன்று மோதி ஒரு கீச்சொலியாகிவிட்டது. கேஎல்எம் அறையில் தெளிவாக விழுந்தது ஓகே மட்டும். அது ஓடத் தொடங்க, விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். பனி, அவசரம், நெரிசல் என்று காரணங்கள் பல; ஆனால் அதற்குப் பிறகு விமானப் பேச்சு முறை இறுக்கப்பட்டது. டேக்-ஆஃப் என்ற சொல்லையே அனுமதி தரும்போதும் ரத்து செய்யும்போதும் தவிர உச்சரிப்பதில்லை. ‘கிடைத்தது’ என்பதற்கு ‘ராஜர்’, ‘அப்படியே செய்கிறேன்’ என்பதற்கு ‘வில்கோ’, ‘ஆம்’ என்பதற்கு ‘அஃபர்ம்’ என்று பொருளுக்கொரு சொல் இருக்கிறது. ஓடுபாதை அனுமதி போன்றவற்றைக் கேட்டவர் முழுக்கத் திருப்பிச் சொல்லியாக வேண்டும்.

கையெழுத்துக்குப் பதிலாக ஓகே போடுகிறவர்களுக்குக் கனடாவிலிருந்து ஒரு வழக்கு. 2021 மார்ச்சில் சஸ்காட்செவான் மாகாணத்தில் ஒரு தானிய நிறுவனம் ஆளி விதை ஒப்பந்தத்தைப் படமெடுத்து விவசாயிக்குப் போனில் அனுப்பி, உறுதிப்படுத்தச் சொன்னது. அவர் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பினார். பிறகு விலை ஏறியது, விதை வரவில்லை. ‘பார்த்தேன் என்றுதான் சொன்னேன்’ என்றார் விவசாயி. முந்தைய ஒப்பந்தங்களுக்கெல்லாம் அவர் ‘ஓகே’, ‘யப்’, ‘லுக்ஸ் குட்’ என்று சுருக்கமாகப் பதில் போட்டுவிட்டு ஒழுங்காகச் சரக்கு அனுப்பியதை நீதிமன்றம் கணக்கில் எடுத்து, இதுவும் ஒப்புதல்தான் என்று 2023-இல் தீர்ப்பளித்தது. 82,000 கனடிய டாலருக்கு மேல் இழப்பீடு.

இப்போது தலைமையாசிரியர். ஓகே என்ற சொல்லில் அவமரியாதை இல்லை. ஆனால் அவர் என்ன கேட்டார் என்பதைப் பொறுத்து அது பதிலாகவே ஆகாமல் போகலாம். ‘நாளை பிரேயர் 8.50-க்கு’ என்ற தகவலுக்கு ‘ஓகே சார்’ போதும். அங்கே அது தந்தி ஆபீஸ் ஓகே. ‘மதிப்பெண் பட்டியல் எப்போது கிடைக்கும்?’ என்பதற்கு ஓகே போட்டால் எரிச்சல் வருவது நியாயம். ‘வியாழன் மாலை 4 மணிக்குள் தருகிறேன், சார்’ என்று நாளும் நேரமும் சேர்த்து எழுதுங்கள். ‘சுற்றுலாவுக்கு மகாபலிபுரமா, தஞ்சாவூரா?’ என்ற கேள்விக்கு ஓகே என்று பதில் போடுவோர் ஒவ்வொரு குழுவிலும் ஒருவராவது இருப்பார். அவரைப் பின்பற்ற வேண்டாம். ஒரு திட்டத்தை வாசித்தீர்கள், ஆனால் உடன்பாடு இல்லை என்றால் ‘பார்த்தேன் சார், நேரில் பேசலாமா?’ என்பது பாதுகாப்பு. அங்கே போட்ட ஓகே நாளைக்கு ‘நீங்களும் சம்மதிச்சீங்களே’ என்று திரும்பி வரும்.

தமிழில் ‘சரிங்க சார்’ என்பதில் ‘ங்க’ மரியாதையைச் சுமக்கிறது. வெறும் ஓகேவுக்கு அந்த வால் இல்லை என்பதால்தான் சக ஆசிரியர்களுக்கு அது மொட்டையாகத் தெரிகிறது. ‘சார்’ சேர்த்தால் பாதி குறை தீரும். ஓ-வையும் விழுங்கிவிட்டு ஒற்றை ‘கே’ போடுவதை மேலதிகாரிக்குச் செய்யாதீர்கள். ஆங்கிலம் பேசும் ஊர்களிலேயே அதை முகம் திருப்பிக்கொண்ட பதிலாகத்தான் படிக்கிறார்கள்.

கணினி வகுப்பும் உங்கள் தலையில் இருந்தால் பிள்ளைகளுக்கு இதையும் சொல்லலாம். ஆப்பிளின் லிசா கணினியைத் தயாரிக்கும்போது திரைப்பெட்டியில் ஓகே இருக்கவில்லை, ‘டூ இட்’ என்றுதான் இருந்தது. சோதனைக்கு உட்கார்ந்த சிலர் அதைத் தொடாமல் கேன்சலையே அழுத்தினார்கள். அந்த எழுத்துருவில் பெரிய ஐ-யும் சின்ன எல்-உம் ஒன்றுபோல இருந்ததால் ‘டோல்ட்’, அதாவது முட்டாள், என்று படித்திருக்கிறார்கள். அதன் பிறகே அங்கே ஓகே வந்தது.

எழுத்துக்கூட்டல் கடைசி. ஆங்கிலத்தில் இரண்டு பெரிய எழுத்தாகப் போடுவதும், நான்கெழுத்தாக விரித்து எழுதுவதும் இரண்டுமே சரி. அமெரிக்காவின் ஏபி செய்தி நிறுவன நடைக்கையேடு புள்ளியில்லாத இரண்டெழுத்தைத்தான் ஏற்கிறது. தேர்வுத்தாளில் எதை எழுதினாலும் மதிப்பெண் கொடுங்கள், ஒரே கட்டுரையில் இரண்டையும் கலந்தால் மட்டும் வட்டமிடுங்கள். தமிழில் சிக்கல் வேறு. இரண்டு உயிருக்கு நடுவில் வரும் ஒற்றைக் ககரத்தை நாம் மென்மையாகத்தான் ஒலிப்போம். ‘ஓகை’ என்ற பழைய சொல்லை வாசித்துப் பாருங்கள். அந்தக் கணக்கில் வல்லோசைக்கு ‘ஓக்கே’ என்பதுதான் இலக்கணப் பொருத்தம். ஆனால் இரட்டித்தால் நடுவில் ஒலி தேங்கி, அதட்டுவது போல ஆகிவிடுகிறது. புள்ளி வைத்த ‘ஓ.கே.’ பழைய வாரப்பத்திரிகை வழக்கம். அதோடு வேற்றுமை உருபு சேர்த்தால் ‘ஓ.கே.யை’, ‘ஓ.கே.வான’ என்று புள்ளிகள் இடறும். ‘ஓகே’ என்று எழுதுங்கள். உரையாடலில் தாராளமாக, கட்டுரை நடையில் ‘சரி’ பொருந்தாத இடத்தில் மட்டும்.